மலிவான ஹோஸ்டிங்: எங்கே குறைத்தார்கள் என்று பார்ப்பது எப்படி

தொழிலுக்காக ஓர் இணையதளத்தை நடத்துபவர், தளத்தைச் சர்வர் என்ற கணினியில் வைத்துக் காட்டும் சேவையான ஹோஸ்டிங்கை வாங்கப் போகும்போது முதலில் பார்ப்பது விலைப்பட்டியலைத்தான். இத்தனை ஜி.பி. இடம், இத்தனை மின்னஞ்சல் கணக்குகள், இலவச எஸ்.எஸ்.எல். சான்றிதழ், மாதத்துக்கு இவ்வளவு கட்டணம் என்று எல்லா நிறுவனங்களும் ஏறக்குறைய ஒரே விதமாகத்தான் எழுதி வைத்திருக்கின்றன. ஆனால் சர்வர் இயந்திரமும், அது குடிக்கும் மின்சாரமும், இணைய இணைப்பும், நள்ளிரவில் எழுந்து பதில் சொல்லும் பணியாளரின் சம்பளமும் எல்லா நிறுவனங்களுக்கும் செலவுதான். ஒரு நிறுவனம் மற்றவர்கள் கேட்பதில் மூன்றில் ஒரு பங்கைக் கேட்கிறது என்றால், அது ஏதோ ஓரிடத்தில் செலவைக் குறைத்திருக்கிறது. அந்த இடம் எது என்று கண்டுபிடிப்பதே நம் வேலை. வேகத்தில் கொஞ்சம் குறைத்திருந்தால் சிறிய தொழில் அதைத் தாங்கிக்கொள்ளும். இழந்த தரவை மீட்கும் வழியிலோ, பிடிக்காதபோது விட்டு வெளியேறும் வழியிலோ குறைத்திருந்தால் தாங்காது. மலிவான ஹோஸ்டிங்கை நம்பகமானதா இல்லையா என்று பிரிக்கும் கோடு இங்கேதான் இருக்கிறது என்பது பல தளங்களைப் பராமரித்த பிறகு எனக்கு ஏற்பட்ட முடிவு.

குறைந்த விலையின் முதல் காரணம் பகிர்வு. ஷேர்டு ஹோஸ்டிங் எனப்படும் முறையில் ஒரே சர்வரில் சில நூறு வாடிக்கையாளர்களின் தளங்கள் குடியிருக்கின்றன. பெரும்பாலான தளங்களுக்கு நாளின் பெரும்பகுதியில் யாரும் வருவதில்லை என்பதால், உண்மையில் இருப்பதைவிட அதிகமான வளத்தை ஹோஸ்டிங் நிறுவனம் விற்க முடிகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அளவோடு செய்தால் எல்லாருக்கும் லாபமான ஏற்பாடுதான். அளவு மீறும்போது, பக்கத்துத் தளம் ஒன்றில் கூட்டம் கூடினால் நம் தளம் மூச்சு வாங்குகிறது.

இதைத் தடுப்பதற்காகத்தான் பல நிறுவனங்கள் கிளவுட்லினக்ஸ் போன்ற இயங்குதளத்தைப் பயன்படுத்தி, ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி வரம்பு வைக்கின்றன. விளம்பரத்தில் ‘அன்லிமிடெட்’ என்று போட்டிருந்தாலும், கணக்குக்குள் நுழைந்து சிபேனல் என்ற நிர்வாகப் பலகையில் வளப் பயன்பாட்டுப் பக்கத்தைத் திறந்தால் உண்மையான எண்கள் அங்கே இருக்கும்: சி.பி.யூ., நினைவகம், வட்டில் படிக்கும் எழுதும் வேகம், என்ட்ரி பிராசஸ், ஐநோடு. கடைசி இரண்டையும் வாங்கும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் தொழில்தளங்கள் பெரும்பாலும் இடிபடுவது அங்கேதான்.

என்ட்ரி பிராசஸ் என்பது ஒரே கணத்தில் எத்தனை கோரிக்கைகள் உங்கள் கணக்குக்குள் நிரலை ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்ற வரம்பு. அது 20 என்று வைத்துக்கொள்வோம். 20 பேர்தான் தளத்தைப் பார்க்கலாம் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. ஒரு பக்கத்தைத் தயாரிக்க 0.2 நொடி ஆகிறது என்றால், இந்த வரம்பைப் பொறுத்தவரை நொடிக்கு 100 பக்கங்கள் வரை கொடுக்கலாம். சிறு நிறுவனத்துக்கு அது தாராளம். அதே பக்கம், சரியாக எழுதப்படாத ஒரு பிளகினால் (தளத்தில் பொருத்தும் துணை நிரல்) 4 நொடி எடுத்துக்கொண்டால், நொடிக்கு 5 பக்கங்களோடு கதவு மூடிக்கொள்ளும். ஆறாவது ஆளுக்கு 508 என்ற எண்ணோடு, வள வரம்பு தீர்ந்துவிட்டது என்ற பிழைப்பக்கம் வரும். ஆகவே 508 வந்தவுடன் ஹோஸ்டிங் நிறுவனத்தைத் திட்டுவதற்கு முன்னால் தன் தளத்தின் பக்கம் ஒன்று தயாராக எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது நியாயம். பெரிய திட்டத்துக்கு மாறி மாதாமாதம் கூடுதலாகக் கட்டுவதைவிட, தயாரித்த பக்கத்தைச் சேமித்து வைத்து மீண்டும் கொடுக்கும் ஒரு கேஷ் பிளகின் போட்டால் தீர்ந்துவிடும் சிக்கலாகவே அது பல முறை இருந்திருக்கிறது.

ஐநோடு என்பது கோப்புகளின் எண்ணிக்கைக்கான வரம்பு. இடம் வரம்பற்றது என்று சொல்லும் திட்டத்திலும் கோப்புகள் சில லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று ஒப்பந்தத்தின் ஏதோ ஒரு பத்தியில் இருக்கும். இதை நிரப்புவது பெரும்பாலும் இணையதளம் அல்ல, அஞ்சல்பெட்டி. சர்வரில் சேரும் ஒவ்வொரு மின்னஞ்சலும் வழக்கமாக ஒரு தனிக் கோப்பு. அலுவலகத்தில் ஐந்து பேர் பல வருடங்கள் எதையும் அழிக்காமல் வைத்திருந்தால், இடம் பாதிகூட நிரம்பாத நிலையில் கணக்கு முடங்கிவிடும். அத்துடன், கோப்பு எண்ணிக்கை ஓர் அளவைத் தாண்டிய கணக்குகளைப் பேக்கப் (காப்புப் பிரதி) எடுக்கும் பட்டியலிலிருந்தே சில நிறுவனங்கள் விலக்கிவிடுகின்றன. ஒப்பந்தத்தில் நான் முதலில் தேடிப் படிப்பது அந்த வரியைத்தான்.

அடுத்தது அப்டைம் எனப்படும் 99.9 சதவீத உறுதிமொழி. வருடத்துக்கு 8 மணி 45 நிமிடம், அல்லது மாதத்துக்குச் சுமார் 43 நிமிடம் தளம் நின்றுபோனாலும் வாக்குத் தவறவில்லை என்பதே அதன் கணக்கு. 99.99 சதவீதம் என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 53 நிமிடம். முன்கூட்டியே அறிவித்துச் செய்யும் பராமரிப்பு நேரம் வழக்கமாக இதில் சேராது. வாக்குத் தவறினால் கிடைப்பதும் மாதக் கட்டணத்தில் ஒரு பங்கு மட்டுமே, அதுவும் அடுத்த பில்லில் கழிவாக. கட்டணமே சொற்பம் எனும்போது கழிவும் சொற்பமாகவே இருக்கும். அன்று தவறிப்போன ஆர்டர்களுக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. எனவே இந்தச் சதவீதத்தை வைத்து இரண்டு நிறுவனங்களை ஒப்பிடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு நிறுவனம் தன் சேவை நிலையைக் காட்டும் பக்கத்தைப் பொதுவில் வைத்திருக்கிறதா, கடந்த மாதங்களில் ஏற்பட்ட கோளாறுகளை அங்கே நேரத்தோடும் காரணத்தோடும் எழுதியிருக்கிறதா என்பது அதைவிட நல்ல அடையாளம். கோளாறே இல்லாத நிலைப்பக்கத்தைவிட, கோளாறுகளை வெளிப்படையாக எழுதியிருக்கும் பக்கத்தையே நான் நம்புவேன்.

விலையைப் பொறுத்தவரை, விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதல் தவணைக்கான விலை. அது பெரும்பாலும் மூன்று வருடத்துக்கும் சேர்த்து முன்பணமாகக் கட்டினால் மட்டுமே கிடைக்கும். புதுப்பிக்கும்போது அதுவே இரு மடங்காகவோ மும்மடங்காகவோ ஏறுவது இந்தத் துறையில் சாதாரணம். சரியான ஒப்பீட்டுக்கு, முதல் தவணையையும் அடுத்த தவணையையும் கூட்டி, அதில் பேக்கப் மீட்புக் கட்டணம், டொமைன் (தளத்தின் பெயர்) புதுப்பித்தல், இரண்டாம் வருடத்திலிருந்து பணம் கேட்கும் ‘இலவசங்கள்’ ஆகியவற்றைச் சேர்த்து மாதங்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் முதலில் விலை அதிகமாகத் தெரிந்த நிறுவனம் மலிவாகிவிடுவது உண்டு. நிறுவனங்களே எதிர்பாராத செலவுகளும் வருகின்றன. 2019ஆம் ஆண்டு சிபேனல் தன் உரிமக் கட்டணத்தை, சர்வருக்கு ஒன்று என்ற முறையிலிருந்து கணக்குகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்ற முறைக்கு மாற்றியது. ஒரு சர்வரில் நூற்றுக்கணக்கான கணக்குகளை வைத்து லாபம் பார்த்துவந்த சிறு நிறுவனங்களை அது நேராகத் தாக்கியது. சிலர் விலையை ஏற்றினார்கள். சிலர் டைரக்ட்அட்மின் போன்ற மாற்றுகளுக்குப் போனார்கள். மலிவான திட்டத்தில் சிபேனல் இல்லை என்பதால் அதைத் தரம் குறைந்தது என்று ஒதுக்க வேண்டியதில்லை; அந்தச் செலவைத்தான் அவர்கள் நமக்கு மிச்சப்படுத்தியிருக்கிறார்கள்.

சிறந்த பத்து ஹோஸ்டிங் நிறுவனங்கள் என்று இணையத்தில் வரும் பட்டியல்களைப் பற்றி ஒரு சொல். அவற்றில் பெரும்பாலானவை, தங்கள் இணைப்பு வழியாக வாங்குபவர் ஒவ்வொருவருக்கும் நிறுவனத்திடமிருந்து கமிஷன் பெறுகின்றன. அத்துடன், பட்டியலில் தனித்தனியாக நிற்கும் பெயர்கள் பல ஒரே முதலாளிக்குச் சொந்தமாக இருக்கலாம். புளூஹோஸ்ட், ஹோஸ்ட்கேட்டர், ஹோஸ்ட்மான்ஸ்டர், ஜஸ்ட்ஹோஸ்ட் ஆகிய நான்கும் எண்டியூரன்ஸ் இன்டர்நேஷனல் குழுமத்தின் கையில் இருந்தபோது, 2013 ஆகஸ்ட் 2ஆம் தேதி அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள புரோவோ நகரத் தரவு மையத்தில் ஏற்பட்ட வலைப்பின்னல் கோளாறில் நான்குமே பாதிக்கப்பட்டன. பாதுகாப்புக்கு என்று இரண்டு நிறுவனங்களில் கணக்கு வைத்திருந்தவருக்கும் அன்று இரண்டும் ஒன்றாகப் படுத்திருக்கலாம். அந்தக் குழுமம் 2021இல் வெப்.காமுடன் இணைந்து நியூஃபோல்ட் டிஜிட்டல் ஆனது. மாற்று ஏற்பாடு தேடுபவர் பிராண்டின் பெயரைத் தாண்டி, அதன் உரிமையாளர் யார், சர்வர்கள் எந்தத் தரவு மையத்தில் இருக்கின்றன என்று கேட்டுத்தான் ஆக வேண்டும்.

இனி பேக்கப். இந்தக் கட்டுரையை நான் எழுத நினைத்ததே இதற்காகத்தான். ‘தினசரி பேக்கப் உண்டு’ என்ற ஒரு வரியைப் பார்த்து நிம்மதி அடைந்துவிடுகிறோம். அந்தப் பேக்கப் எங்கே வைக்கப்படுகிறது, எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், கேட்டால் எவ்வளவு நேரத்தில் தருவார்கள், கேட்பதற்குப் பணம் உண்டா என்பதை யாரும் விசாரிப்பதில்லை. 2021 மார்ச் 10ஆம் தேதி பிரான்சின் ஸ்டிராஸ்பர்க் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையத்தில் தீப்பிடித்தது. ஒரு கட்டடம் முழுவதும் எரிந்துபோனது. அருகில் இருந்த இன்னொன்றின் ஒரு பகுதியும் சேதமடைந்தது. சுமார் 36 லட்சம் இணையதளங்கள் முடங்கியதாக இணையத்தை அளவிடும் நெட்கிராஃப்ட் நிறுவனம் கணக்கிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் தனியாகப் பணம் கட்டிப் பேக்கப் வாங்கியிருந்த ஒரு வாடிக்கையாளரின் பேக்கப், எரிந்துபோன அதே கட்டடத்தில் வைக்கப்பட்டிருந்தது. ஒப்பந்தத்தில் அது வேறிடத்தில் பிரித்து வைக்கப்படும் என்ற வாசகம் இருந்ததால் அவர் வழக்குத் தொடுத்தார்; 2023இல் லில் நகர வணிக நீதிமன்றம் அவருக்கு ஒரு லட்சம் யூரோவுக்கு மேல் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. இழப்பீட்டு உத்தரவு வேறு, தரவு போனது வேறு.

தீ மட்டும்தான் ஆபத்து என்றும் இல்லை. 2023 ஆகஸ்டில் டென்மார்க்கின் கிளவுட்நார்டிக் என்ற ஹோஸ்டிங் நிறுவனம் தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்குதலுக்கு உள்ளானது. சர்வர்களை ஒரு தரவு மையத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது, ஏற்கெனவே தொற்றியிருந்த சில இயந்திரங்கள் உள் வலைப்பின்னலில் இணைக்கப்பட்டன. அங்கிருந்து தாக்குதல்காரர்கள் பேக்கப் அமைப்பு வரை சென்று அனைத்தையும் பூட்டிவிட்டார்கள். பெரும்பாலான வாடிக்கையாளர்களின் தரவு முழுவதும் போய்விட்டது என்று அந்த நிறுவனமே அறிவித்தது. ஹோஸ்டிங் நிறுவனம் எடுக்கும் பேக்கப் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அது தளத்தோடு சேர்ந்து அழியக்கூடிய ஒன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேவையில்லை. மூன்று பிரதிகள், இரண்டு விதமான ஊடகங்கள், அதில் ஒன்றாவது வேறிடத்தில் என்ற 3-2-1 விதியின் மூன்றாம் பாகத்தை வாடிக்கையாளர் தானே செய்துகொள்ள வேண்டும். வேறொரு நிறுவனத்தின் சேமிப்பகத்துக்கு இரவுதோறும் ஒரு பிரதியை அனுப்புவதற்கு ஆகும் செலவு, ஹோஸ்டிங் செலவில் மிகச் சிறிய பங்குதான்.

எடுத்த பேக்கப்பைத் திறந்து பார்ப்பது இன்னொரு கடமை. நான் பொறுப்பேற்ற ஒரு வணிகத் தளத்தில், ஒவ்வொரு நாள் தேதியிலும் ஒரு டேட்டாபேஸ் பேக்கப் கோப்பு ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தது. பெயர்கள் சரி, தேதிகள் சரி. அளவைக் காட்டும் பத்தியைப் பார்த்தபோது எல்லாமே 20 பைட். ஒன்றுமே இல்லாததைச் சுருக்கிக் கட்டினால் ஜிசிப் என்ற சுருக்கும் கருவி கொடுக்கும் கோப்பின் அளவு அது. யாரோ டேட்டாபேஸின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டு பேக்கப் நிரலில் மாற்ற மறந்திருக்கிறார்கள். அன்றிலிருந்து ஒவ்வோர் இரவும் அந்த நிரல் உள்ளே நுழைய முடியாமல் வெறும் உறையைக் கட்டி வைத்துக்கொண்டிருந்தது. இது பெரிய நிறுவனங்களுக்கும் நடக்கிறது. 2017 ஜனவரி 31ஆம் தேதி நிரல்களைச் சேமித்து நிர்வகிக்கும் சேவை தரும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸை அழித்துவிட்டார். பேக்கப்புகளைத் தேடிப் போனபோது, பதிப்பு பொருந்தாத கருவியால் அவை எடுக்கப்படாமலே இருந்ததும், தோல்வியைத் தெரிவிக்க வேண்டிய மின்னஞ்சல்கள் டிமார்க் எனப்படும் அனுப்புநர் சரிபார்ப்புச் சோதனையில் தேறாமல் நிராகரிக்கப்பட்டதும் தெரியவந்தன. ஆறு மணி நேரத்துக்கு முன்பு வேறு வேலைக்காகத் தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு பிரதிதான் அவர்களைக் காப்பாற்றியது.

டொமைன் பெயரை ஹோஸ்டிங் நிறுவனத்திடமே வாங்குவது வசதியாகத் தெரியும். முதல் வருடம் இலவசமாகவும் தருவார்கள். ஆனால் ஹோஸ்டிங் தகராறு ஒன்று வந்து கணக்கே முடக்கப்பட்டால், டொமைனும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். தளத்தை வேறிடத்தில் ஏற்றி வைத்தாலும் பெயரை அங்கே திருப்ப முடியாது. வேறொரு பதிவாளரிடம் (டொமைன் விற்கும் நிறுவனம்) டொமைனை வைத்திருந்தால், பெயரைச் சர்வரின் முகவரியோடு இணைக்கும் டி.என்.எஸ்.ஸில் ஒரு வரியை மாற்றி நாம் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கலாம். டாட் காம் போன்ற பெயர்களைப் பதிவு செய்த முதல் 60 நாட்களுக்கு வேறு பதிவாளருக்கு மாற்ற முடியாமல் போகலாம் என்பதால், இதைத் தகராறு வந்த பிறகு யோசிப்பதில் பயன் இல்லை. பதிவு யார் பெயரில் இருக்கிறது என்பதும் முக்கியம். தளத்தை வடிவமைத்தவரின் பெயரிலும் மின்னஞ்சலிலும் பதிவாகியிருக்கும் டொமைன்கள் ஏராளம். தனியுரிமை காரணமாக இப்போது டொமைன் உரிமையாளரைக் காட்டும் ஹூயிஸ் தேடலில் பெயர்கள் பெரும்பாலும் மறைக்கப்பட்டிருப்பதால், பதிவாளரின் கணக்குக்குள் நுழைந்து பார்த்தால்தான் தெரியும்.

மின்னஞ்சலையும் பிரித்து வைக்கவே நான் சொல்வேன். ஷேர்டு சர்வரிலிருந்து போகும் அஞ்சல்கள் எல்லாம் வழக்கமாக ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து போகின்றன. பக்கத்துக் கணக்கு ஒன்று ஹேக் செய்யப்பட்டு ஸ்பேம் அனுப்பினால், ஸ்பேம்ஹவுஸ் போன்ற தடைப்பட்டியலில் அந்த முகவரியே ஏறிவிடும். நம் விலைப்பட்டியலும் ரசீதும் வாடிக்கையாளரின் ஸ்பேம் பெட்டியில் விழும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் அனுப்புநர்களுக்கான விதிகளை இறுக்கி, மொத்தமாக அனுப்புவோருக்கு அனுப்புநரைச் சரிபார்க்க உதவும் எஸ்.பி.எஃப்., டிகிம், டிமார்க் மூன்றையும் கட்டாயமாக்கிவிட்டன. தளம் ஓரிடத்திலும் அஞ்சல் வேறிடத்திலும் இருந்தால், தளம் விழுந்த நாளிலும் வாடிக்கையாளருக்கு ஒரு பதிலாவது எழுத முடியும்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஒன்று மட்டும். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2,00,000 கிலோமீட்டர்தான் போகும். வாடிக்கையாளர் 8,000 கிலோமீட்டர் தள்ளி இருந்தால் போய்வர 80 மில்லிநொடி. இணைப்பு ஏற்படுத்த ஒன்று, பாதுகாப்புக் கைகுலுக்கலுக்கு ஒன்று, பக்கத்தைக் கேட்க ஒன்று என்று மூன்று முறை போய்வந்தால் சர்வர் வேலை செய்யும் நேரத்தைச் சேர்க்காமலே கால் நொடி நெருங்கிவிடும். வாடிக்கையாளர்கள் இருக்கும் பகுதிக்கு அருகில் தரவு மையம் வைத்திருக்கும் சாதாரண நிறுவனம், தொலைவில் இருக்கும் விலை உயர்ந்த நிறுவனத்தைவிட வேகமாக இருப்பது இதனால்தான்.

ஷேர்டு ஹோஸ்டிங் போதவில்லை என்றவுடன் பலர் தாவுவது வி.பி.எஸ். (ஒரு சர்வரில் நமக்கென்று பிரித்துத் தரும் மெய்நிகர் சர்வர்) பக்கம். மாதக் கட்டணம் ஏறக்குறைய அதேதான் என்பது கவர்ச்சி. ஆனால் பராமரிப்பு சேராத வி.பி.எஸ். வாங்குபவர், இயங்குதளப் புதுப்பிப்பு, தீச்சுவர், பேக்கப், நள்ளிரவு மீட்பு அனைத்துக்கும் தானே பொறுப்பு. தன்னிடம் சர்வர் தெரிந்தவர் இல்லாத தொழிலுக்கு அது மலிவே இல்லை. வாங்கினால், சர்வரின் சுமையைக் காட்டும் டாப் கட்டளையில் எஸ்.டி. என்று வரும் எண்ணைச் சில நாள் கவனிக்கலாம். நமக்குச் சேர வேண்டிய சி.பி.யூ. நேரத்தில் எவ்வளவு அண்டை இயந்திரங்களுக்குப் போகிறது என்பதை அது காட்டும். அது பூஜ்யத்துக்கு அருகில் இல்லாமல் தொடர்ந்து மேலேயே நின்றால், அந்த நிறுவனம் அளவுக்கு மீறி விற்றிருக்கிறது.

உதவிப் பிரிவின் தரத்தைப் பணம் கட்டும் முன்பே சோதிக்கலாம். விற்பனை அரட்டையில் கேட்டால் எல்லாருமே உடனே பதில் தருவார்கள். அதைவிட, என்ட்ரி பிராசஸ் வரம்பு எத்தனை, பேக்கப் எந்த ஊர்த் தரவு மையத்தில் இருக்கிறது, பி.எச்.பி. (தளத்தை ஓட்டும் நிரல்மொழி) பதிப்பை நானே மாற்ற முடியுமா என்ற மூன்றையும் மின்னஞ்சலில், வார இறுதி இரவில் அனுப்பிப் பாருங்கள். கேட்ட மூன்றுக்கும் எண்ணோடும் பெயரோடும் பதில் வருகிறதா, அல்லது ஒட்டி அனுப்பிய விளம்பரப் பத்தி வருகிறதா என்பதிலேயே பாதி தெரிந்துவிடும்.

வாங்கியதும் முதல் மாதத்தில், பணத்தைத் திருப்பித் தரும் காலம் முடிவதற்குள், ஒரு வெளியேற்ற ஒத்திகையைச் செய்துவிட வேண்டும். புதுக் கணக்கின் பேக்கப்பை இறக்கி, வேறொரு நிறுவனத்தின் சிறிய கணக்கில் ஏற்றி, தளம் அங்கே திறக்கிறதா, ஆர்டர் படிவம் வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். எத்தனை மணி நேரம் ஆனது என்பதை ஒரு தாளில் குறித்து வையுங்கள். உண்மையான விபத்து நாளில் தளம் எவ்வளவு நேரம் நிற்கும் என்பதற்கு அதுதான் நம்பத்தக்க எண். ஒத்திகைக்கு முந்தின நாளே டி.என்.எஸ்.ஸில் டி.டி.எல். மதிப்பை (முகவரியை எவ்வளவு நேரம் நினைவில் வைக்கலாம் என்ற எண்) 300 நொடிக்குக் குறைத்து, அப்படியே விட்டுவிடலாம். பழைய முகவரியை ஒரு நாள் முழுவதும் நினைவில் வைத்திருக்கும்படி அது அமைந்திருந்தால், புதிய இடத்தில் தளம் தயாராக இருந்தாலும் வாடிக்கையாளர்களில் பலர் மறுநாள் வரை செத்துப்போன சர்வரின் கதவைத்தான் தட்டிக்கொண்டிருப்பார்கள்.